பனங்கட்டி வாங்கின கை

எங்கள் கப்பல்துறை ஊரில் இன்பமலர் என்று கேட்டால் சிலருக்குத் தெரியாது. லைனர் இன்பா என்று கேளுங்கோ, கடைக்காரன் உள்ளே இருந்தபடியே கையை நீட்டி வீட்டைக் காட்டுவான். அந்தப் பேரை ஒருத்தரும் இரக்கப்பட்டு அவளுக்கு வைக்கவில்லை. வேலை செய்து எடுத்த பேர். அதைத்தான் கடைசியில் அவளிடமிருந்து பறிக்கப் பார்த்தார்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் இப்போது குந்தியிருக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, இன்பாவின் மகள் சுதர்ஷிகா எழுதுகிறாள். தாயின் கதை என்று கூட்டிக் குறைத்து எழுதினால் பேனையைப் பறித்துவிடுவேன் என்று முதலே சொல்லிப்போட்டேன்.

கண்டி வீதியோரம் லொறி பூட்டுகிற யாட் ஒன்று இருந்தது. வெளிநாட்டிலிருந்து துண்டு துண்டாய் வரும் சேசிஸ், அச்சு, எஞ்சின் எல்லாவற்றையும் ஒன்றாய்ப் பூட்டி, மேலே பலகையால் பெட்டி கட்டி, வர்ணம் அடித்து, ஓடுகிற லொறியாய் வெளியே விடுவார்கள். அங்கே நான் தேத்தண்ணி ஊற்றினேன். குசினி என் இராச்சியம்.

சண்டை நடந்த காலம். ஆம்பிளைப் பிள்ளைகள் வீதியில் இறங்கப் பயந்தார்கள். செக் பொயின்ற்றில் இறக்கி வைத்தால் திரும்பி வருவது நிச்சயமில்லை. யாட்டில் வேலைக்கு ஆள் போதாது. அப்போதுதான் போர்மன் சோமசேகரம் ஐயா முதலாளியோடு வாதாடிப் பெண்களை எடுத்தார். ஆனால் பெண்ணை மெசின் வேலைக்கு எடுத்ததாய்க் காட்டினால் கேள்வி வரும் என்று முதலாளி யோசித்தார் போல. என்ன வேலைக்கு எடுத்தாலும் எல்லாப் பெண்களையும் ‘குசினி உதவி’ என்றே பதிந்தார்கள். எங்களுக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. வீட்டில் அடுப்பு எரிந்தால் போதும் என்றிருந்த நேரம்.

இன்பமலர் வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. புருசன் அஞ்சலோ மீன்பிடிக்கப் போய்த் திரும்பி வரவில்லை. கடற்கரைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து, ஒரு பையும் கைக்குழந்தையுமாய் எங்கள் வளவுக்குப் பக்கத்தில் குடிசை போட்டிருந்தாள். கழுத்தில் செபமாலை. முகத்தில் அழுகை இல்லை.

“என்ன வேலை தெரியும் பிள்ளை?” என்று சோமசேகரம் ஐயா கேட்டார்.

“ஒண்டும் தெரியாது ஐயா. காட்டித் தந்தாச் செய்வன்.”

“சுத்தியல் பிடிப்பியோ?”

“புருசனுக்கு வள்ளத்துக்கு ஆணி அடிச்சுக் குடுத்தனான்.”

அவளை லைனர் கொட்டிலுக்கு விட்டார். குழந்தையை என் குசினி மூலையில் சாக்கு விரித்துக் கிடத்தினோம். அந்தக் குழந்தைதான் இப்போது இதை எழுதுகிறது.

லைனர் என்றால் என்ன என்று அவள்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். “பாக்கியக்கா, சில்லுக்குள்ள வளைஞ்ச இரும்பு ஒண்டு இருக்கு. அதுக்கு மேல செருப்பு அடி மாதிரி ஒண்டு வைச்சு அடிச்சிருப்பம். அதுதான் லைனர். டிரைவர் பிறேக்கை மிதிச்சா அதுதான் போய்ச் சில்லைப் பிடிக்கும்.” லைனரை இரும்பில் வைத்து றிவெற் அடிக்க வேண்டும். பிறகு சுழல்கிற கல்லில் பிடித்து, சில்லுக்குச் சரியாய் இருக்கும்வரை தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கத் தூசி பறக்கும். இடியப்ப மா அரிக்கிற மாதிரிப் பறக்கும்.

அந்தக் கொட்டிலில் மூன்று பேர். மூதூரிலிருந்து வந்து போகும் முனீப் நானா, பேணாட், இன்பா. முனீப் நானாதான் வேலை பழக்கினார். முதல் மாதம் அவள் தேய்த்ததை எல்லாம் தூக்கிப் போட்டார். “தங்கச்சி, இது ரொட்டி தட்டுற வேலையில்ல. இதில ஒரு மயிரளவு பிழைச்சா ஒரு குடும்பம் போயிடும்” என்று சொல்லுவார். அவள் மறுபடி தேய்ப்பாள். கொஞ்ச நாளில் அவர் தன் வேலையை அவளிடம் காட்டி, “சரியா இருக்கோ பாருங்க தங்கச்சி” என்று கேட்கத் தொடங்கினார்.

தம்பலகாமத்து நெல் ஏற்றுகிற இஹ்ஸான் தம்பி ஒரு நாள் பெரிய வாழைக்குலையோடு யாட்டுக்குள் வந்தான்.

“ஆர் என்ர லொறிக்கு லைனர் வைச்சது?”

பேணாட் பயந்துபோய் இன்பாவைக் காட்டினான்.

“இன்பாக்கா, நேத்து வளைவில யானை ஒண்டு வந்து நடு றோட்டில நிண்டுது. நெல் மூட்டை முழுக்க ஏத்தியிருக்கு. மிதிச்சன். யானையும் நானும் முகத்துக்கு முகம் பாத்தம். அதின்ர கண்மயிரைக்கூட எண்ணலாம். அவ்வளவு கிட்ட. ஆனா நிண்டுது.”

“யானையோ லொறியோ?”

“ரெண்டும் நிண்டுது அக்கா! அது யோசிச்சுப் பாத்துட்டுப் போயிட்டுது. நான்தான் இறங்க மாட்டாமல் இருந்தனான்.”

அன்றைக்குத்தான் லைனர் இன்பா என்ற பேர் வந்தது. அதற்குப் பிறகு டிரைவர்மார் லொறியை எடுக்க வந்தால் சில்லைக் காலால் தட்டிப் பார்த்து, “இது இன்பாக்கா வைச்சதோ?” என்று கேட்பார்கள். ஓம் என்றால்தான் சாவியை வாங்குவார்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்று கேட்டிருக்கிறேன். எனக்கே நெஞ்சு நிமிரும். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லேஞ்சியை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். வேர்த்தால் கழற்றிவிடுவார்கள். பின்னேரம் வீட்டுக்குப் போக முதல், செக் பொயின்ற்றில் வெள்ளை வெள்ளையாய்ப் போய் நின்றால் ஆமிக்காரன் ஆயிரம் கேள்வி கேட்பான் என்று, சில்லுக்குக் காற்றடிக்கிற குழாயால் ஆளுக்காள் உடுப்பில் காற்றடித்துத் தூசி தட்டுவார்கள். கொட்டில் முழுக்கப் புகை மாதிரிக் கிளம்பும். சிரிப்பும் கும்மாளமுமாய் இருக்கும். லைனர் வந்த பெட்டிகளில் மூக்கையும் வாயையும் மூடிய ஒரு ஆளின் படம் இருந்தது. நாங்கள் அதைக் கொம்பனியின் மார்க் என்று நினைத்தோம். ‘கள்ளன் மார்க்’ என்று பேரும் வைத்தோம். “கள்ளன் மார்க் லைனர் முடிஞ்சுது, எடுப்பியுங்கோ” என்றுதான் முதலாளியிடமே சொல்லுவார்கள். முதலாளியும் அது என்ன படம் என்று சொன்னதில்லை.

சோமசேகரம் ஐயாவுக்கு மட்டும் அந்தத் தூசி பிடிக்காது. அவர் வடமராட்சிக்காரர், பனை ஊர் ஆள். தூசிக்குப் பனங்கட்டிதான் மருந்து, தொண்டையில் நிற்கிற தூசியை அது கழுவி வயிற்றுக்குள் இறக்கிவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நாங்களும் நம்பினோம். காலைத் தேத்தண்ணிக்கு நான் தட்டை எடுத்துக்கொண்டு போனால், ஓலைக் குட்டானோடு அவர் பின்னால் வருவார். லைனர் கொட்டில் ஆட்களின் கையில் மட்டும் ஒவ்வொரு துண்டு வைப்பார். வாயில் போடும்வரை நின்று பார்ப்பார். வர்ணம் அடிக்கிற பெடியன்கள் தங்களுக்கும் வேண்டும் என்று ஒரு தரம் சண்டைக்கே வந்தார்கள். “நீங்கள் தூசிக்குள்ளயோ நிக்கிறியள்? போங்கோ” என்று கலைத்துவிட்டார். அவ்வளவு கண்டிப்பு.

சண்டை முடிந்தது. யாட் பெரிசாகியது. சின்ன முதலாளி வந்தார், புது மெசின் வந்தது, புது ஆட்கள் வந்தார்கள். பேணாட் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்து, பிறகு அவன் பேச்சு மூச்சில்லை. முனீப் நானா இருமி இருமி மெலிந்து மூதூரில் மௌத்தாகிப் போனார். ஆஸ்மா என்றார்கள். இன்பாவுக்கும் இருமல் பிடித்தது. முதலில் படியேற மூச்சு வாங்கியது. பிறகு கிணற்றடிக்குப் போக. பிறகு கதைக்க.

ஆசுபத்திரியில் படம் பிடித்துப் பார்த்த பெரிய டொக்டர், சுவாசப்பை முழுக்கத் தழும்பு, உள்ளே போனது அஸ்பெஸ்டஸ் தூசி, பழைய பிறேக் லைனரில் அதைப் போட்டுத்தான் செய்தார்கள் என்று சொன்னார்.

“அஸ்பெஸ்டஸ் எண்டால் கூரைக்குப் போடுற சீற் இல்லையோ டொக்டர்?” என்று நான் கேட்டேன்.

“ஓம் அம்மா, அதுக்குள்ளயும் அதுதான் இருக்கு.”

பஸ்ஸில் வரும்போதுதான் இன்பா சொன்னாள். “கள்ளன் எண்டு சரியாத்தான் பேர் வைச்சிருக்கிறம் அக்கா. ஆனா அது கள்ளன்ர படமில்லை. எங்களுக்கு முகத்தை மூடச் சொன்ன படம்.”

வேலையால் வந்த வருத்தத்துக்கு நட்டஈடு கேட்கலாம், அதற்குச் சட்டம் இருக்கிறது என்று சட்டத்தரணி கஜந்தி சொன்னாள். திருகோணமலை ரவுணில் இருக்கிற பிள்ளை. மெலிந்த உருவம், ஆனால் குரல் வெண்கலம். மனுப் போட்டோம். உடனே யாட்டிலிருந்து ஆள் வந்தது. பழங்களோடு வந்தது.

“சின்ன முதலாளி உங்களுக்கு உதவி செய்ய விரும்புறார், அம்மா. அவருக்கு நல்ல மனம். வழக்கு ஒண்டும் வேண்டாம். நீங்கள் குசினியில வேலை செய்தனீங்கள், உங்கட வருத்தத்துக்கு இரங்கி யாட் உதவுது எண்டு ஒரு கையெழுத்து வைச்சாப் போதும்.”

இன்பா மூச்செடுத்து முடியும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

“நான் குசினியில நிக்கேல்லை.”

“பதிவில அப்பிடித்தானே இருக்கு.”

“தம்பி, உங்கட யாட் லொறி இன்னும் கண்டி மலையில இறங்குதோ?”

“ஓம்.”

“அதெல்லாம் தேத்தண்ணியாலயோ நிண்டது?”

அவர் போன பிறகு நான்தான் கொஞ்சம் ஆடிப்போனேன். மருந்துக்கும் மாத்திரைக்கும் படுகிற பாடு எனக்குத் தெரியும். “வாங்கினா என்னடி? உன்ர வருத்தம் உனக்குத் தெரியும். என்ன எழுதினாலும் எழுதட்டும்” என்றேன்.

“வாங்கலாம் அக்கா. வாங்கினா நான் அந்தக் கொட்டிலில நிக்கவே இல்லை எண்டு ஆகும். முனீப் நானா பழக்கினது ஆரை? இஹ்ஸானை நிப்பாட்டினது ஆர்? வருத்தம் மட்டும் என்ர, வேலை என்ர இல்லையோ?”

சாட்சி சொல்ல வருகிறேன் என்றேன்.

விசாரணை ரவுணில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை ஐயா. பொறுமையான மனிதர். இன்பாவுக்குக் காற்றாடிக்குக் கீழே கதிரை போடச் சொன்னார். யாட்டுப் பக்கத்தில், அவர்களுக்காக வழக்குப் பேசக் கொழும்பிலிருந்து வந்த அப்புக்காத்து. அவருக்குப் பக்கத்தில், வெள்ளை வேட்டியோடும் ஊன்றுகோலோடும், சோமசேகரம் ஐயா. யாட் கார் அனுப்பி அவரைக் கூட்டி வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் சாட்சி என்று இருந்தது நான் ஒருத்திதான். முனீப் நானா மண்ணுக்குள், பேணாட் பனிக்குள், பழைய டிரைவர்மார் எந்த ஊரிலோ.

என்னைக் கூப்பிட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். லைனர் கொட்டிலையும் சொன்னேன், பனங்கட்டியையும் சொன்னேன். பிறகு அப்புக்காத்து எழும்பினார்.

“ரெண்டு பேரையும் குசினி உதவி எண்டுதானே பதிஞ்சிருக்கு?”

“அந்தக் குசினியில நான் நிண்டா கேத்திலுக்கே இடம் காணாது ஐயா. பிறகு எங்க இன்னொருத்தி நிக்கிறது?”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கேட்டார்.

“நீங்கள் இன்பமலருக்குப் பக்கத்து வீடு, என்ன?”

“ஓம்.”

“மத்தியானச் சாப்பாடு ஆர் தாறது?”

“அவளின்ர வீட்டிலதான்.”

“அப்ப கூட்டாளிக்காகச் சாட்சி சொல்ல வந்தனீங்கள்.”

“ஓம், கூட்டாளிதான். அதுக்கென்ன?”

அவர் விசாரணை ஐயாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் ஏதோ கொட்டிவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. “தூசியே இல்லாத இடத்தில தூசிக்குப் பனங்கட்டியாம். அப்பிடி ஒருத்தரும் குடுக்கேல்லை. இது வயசு போன ஆக்களின்ர கற்பனை, ஐயா” என்று சொல்லி இருந்துவிட்டார்.

நான் வந்து இன்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. “கெடுத்துப்போட்டேனோடி?” என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சோமசேகரம் ஐயாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பனங்கட்டி கொடுக்கவில்லை என்று அப்புக்காத்து சொன்னபோது அவர் ஊன்றுகோலை நிலத்தில் ஒரு தரம் குத்தினார். நானும் கண்டேன். இன்பா குனிந்து கஜந்தியின் காதுக்குள் மெல்லச் சொன்னாள். “பிள்ளை, அவரிட்டை என்ர வேலையைக் கேக்காதேங்கோ. பனங்கட்டியைக் கேளுங்கோ. அதில அவர் பொய் சொல்லமாட்டார்.”

சோமசேகரம் ஐயா சாட்சிக்கு வந்தார். இன்பமலர் என்ன வேலை செய்தவர் என்று யாட்டு அப்புக்காத்து கேட்டார். “குசினி உதவி எண்டுதான் பதிவு” என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார். அப்புக்காத்து திருப்தியாய் இருந்தார்.

கஜந்தி எழும்பினாள். “ஐயா, பனங்கட்டிக் கதை பொய்தானோ?”

“ஆர் சொன்னது பொய் எண்டு?”

“உங்கட பக்கத்து அப்புக்காத்துதான் இப்ப சொன்னவர். அப்பிடி ஒருத்தரும் குடுக்கேல்லையாம்.”

“குடுக்கேல்லையோ?” கிழவரின் குரல் உயர்ந்தது. “தங்கச்சி, பாதை பூட்டின காலத்திலயும் என்ர மச்சான் பருத்தித்துறையில இருந்து ஆள் பிடிச்சு அனுப்பினவன். குட்டான் குட்டானா. முதலாளியிட்டைத் தூசிக்கு ஒரு வழி கேட்டுக் களைச்சு என்ர காசால செய்தனான். குடுக்கேல்லையாம்!”

அப்புக்காத்து பதறி எழும்பினார். “ஐயா, கேட்ட கேள்விக்கு மட்டும்—”

“நீங்கள் இருங்கோ தம்பி! தூசிக்குள்ள நிக்கிற பிள்ளையளைத் தொண்டை அடைக்க விட்டுட்டுப் பாத்துக்கொண்டு நிண்டவனோ நான்? ஒரு நாள் தவறினதோ? கேட்டுப் பாருங்கோ!”

“ஆரைக் கேக்கிறது ஐயா? ஆருக்குக் குடுத்தனீங்கள்?” என்று கஜந்தி கேட்டாள். குரலை நன்றாய்த் தாழ்த்திக் கேட்டாள்.

“லைனர் கொட்டிலுக்கு மட்டும். மற்றவைக்கு என்னத்துக்கு?”

“கொட்டிலில ஆர் ஆர்?”

“முனீப். பேணாட். இன்...”

நின்றுவிட்டார். அப்போதுதான் அவர் முதல் தரம் இன்பாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் அழவில்லை, முறைக்கவில்லை. வலது கையை மடியில் விரித்து வைத்திருந்தாள், காலைத் தேத்தண்ணி நேரத்தில் நீட்டுகிற மாதிரி.

கிழவர் அந்தக் கையைப் பார்த்தார்.

“இன்பமலர்” என்றார். “அவளின்ர கையிலதான் முதல் வைக்கிறனான். பிள்ளைக்குக் குடு எண்டு ஒரு துண்டு கூட வைப்பன். லைனர் வேலைக்கு அவளை எடுத்தது நான்தான். அவளைப் போல ஒருத்தரும் அங்க தேய்க்கேல்லை. எழுதுங்கோ ஐயா. முதல் சொன்னதை வெட்டிப்போட்டு இதை எழுதுங்கோ.”

விசாரணை ஐயா எழுதினார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். யாட்டுக் கார் அவரை ஏற்றாமலே போய்விட்டது. ஊன்றுகோலைத் தட்டித் தட்டி எங்களிடம் வந்தார்.

“பிள்ளை, அது தூசியை இறக்கும் எண்டுதான் நினைச்சனான்.”

“தெரியும் ஐயா.”

“இறக்கேல்லை, என்ன?”

“இறக்கேல்லை.” மூச்சு வாங்கினாள். “ஆனா இனிச்சுது ஐயா.”

கிழவர் முகத்தை வேட்டித் தலைப்பால் துடைத்தார். எனக்கு அந்த இடத்தில் பொறுக்க முடியவில்லை. “சரி சரி, வாங்கோ, ஓட்டோவில இடம் இருக்கு. கார்க்காரர் விட்டுட்டுப் போயிட்டினம், இனி நாங்கள்தான் உங்களைக் கொண்டுபோய் இறக்கவேணும்” என்றேன். “பாக்கியம், உனக்கு இன்னும் வாய் குறையேல்லை” என்றார். “குறைஞ்சிருந்தா இண்டைக்கு என்ன நடந்திருக்கும்?” என்றேன். இன்பா சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும், அதற்காக அவள் சிரிப்பை விட்டதில்லை.

தீர்ப்பு மழை தொடங்கின பிறகு வந்தது. யாட் நட்டஈடு கட்ட வேண்டும் என்று இருந்தது. இன்பா அதைக் கேட்கவில்லை. “என்னை என்னெண்டு எழுதியிருக்கு, அதை வாசி” என்றாள். சுதர்ஷிகா வாசித்தாள்: பிறேக் லைனர் பகுதித் தொழிலாளி. “திருப்பி வாசி” என்றாள். வாசித்தாள். “பாக்கியக்காவுக்குக் கேக்கேல்லை, இன்னொருக்கால் உரத்து வாசி.” எனக்கு நன்றாய்த்தான் கேட்டது. ஆனாலும் கேட்காத மாதிரி இருந்தேன்.

நட்டஈடு வந்தால் தழும்பு போய்விடாது. இப்போதும் இராப்பகலாய் அவளுக்குப் பக்கத்தில் மூச்சு மெசின் இருக்கிறது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. போன கிழமை மூதூரிலிருந்து றம்லா வந்தாள், முனீப் நானாவின் மனிசி. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, வந்த காரியத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, வாசல் குந்தில் இருந்தாள்.

“இன்பா, எங்கட ஆளும் அந்தத் தூசிக்குள்ளதானே நிண்டார். இனிக் கேக்க ஏலுமோ?”

கன காலம் போய்விட்டது, கஷ்டம்தான், ஆனால் கேட்டுப் பார்க்கலாம் என்று கஜந்தி சொல்லியிருக்கிறாள். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள்.

“நான் வாறன்” என்றாள் இன்பா.

“உங்களால ஏலாதே, இந்த மெசினோட.”

“மெசினையும் கொண்டு வாறன். முனீப் நானாவிட்டைத்தான் நான் வேலை பழகினனான். அதைச் சொல்ல வேற ஆர் இருக்கினம்?”

“அப்புக்காத்து உன்னட்டை என்ன தொழில் எண்டு கேட்டு மடக்குவார், தெரியும்தானே?” என்று நான் சொன்னேன்.

இன்பா நிமிர்ந்து இருந்தாள்.

“கேக்கட்டும் அக்கா” என்றாள். “கேக்கவேணும் எண்டுதான் நானும் பாத்துக்கொண்டிருக்கிறன்.”